தகரத்துக்குக் கீழே செம்மறி ரோமம்

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நான் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் இருக்கிற எனக்கு, இடுக்கி மலையில் சாந்தன்பாறையில் இருக்கிற அக்காவைப் பார்க்க அதுதான் வழி. எப்போதும் ஒரு தோள்பையோடு போய்விடுவேன். இந்த ஐப்பசியில் நான்கு மூட்டை செம்மறியாட்டு ரோமத்தோடு போனேன்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். மூட்டை முடிச்சோடு ஏறுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. "இது பஸ்ஸா, பார்சல் லாரியா?" என்று தினமும் யாரையாவது கேட்டுவிடுவேன். பொள்ளாச்சி பஸ்ஸில் நான் ஏறியதும் அந்தக் கண்டக்டர் என்னிடம் வார்த்தை மாறாமல் அதையே கேட்டார். "நானும் கண்டக்டர்தானுங்க" என்றேன். "அப்படீன்னா லக்கேஜ் டிக்கெட்டு எடுக்கோணும்னு நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லீங்களே" என்றார். வாயை மூடிக்கொண்டு எடுத்தேன்.

ரோமம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அக்கா ஈஸ்வரியின் கணவர் பால்ராஜ் மச்சான், ஒரு காலத்தில் எங்கள் ஊருக்குத் தேங்காய் ஏற்ற லாரியில் வந்தவர். தேங்காயோடு அக்காவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று அப்பா பல வருஷம் புலம்பினார். அப்புறம் மச்சான் லாரியை விட்டுவிட்டு ஏலக்காய் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். பச்சை ஏலக்காயை அடுக்கடுக்கான கம்பித் தட்டுகளில் பரப்பி, விறகுச் சூட்டில் காய வைக்கிற கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பச்சை நிறம் போய்விடும். முப்பது வருஷம் அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்ததில் மச்சானுக்கு நல்ல பெயரும் நெஞ்சில் இழுப்பும் சேர்ந்தே வந்தன.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். குளிர் ஆகாது, புகை ஆகாது. சாந்தன்பாறையில் இரண்டும் சேர்ந்து நடக்காது. குளிருக்குக் கணப்பு மூட்டினால் புகை, அணைத்தால் குளிர். கரண்ட் ஹீட்டரைப் போட்டால் ஃபியூஸ் போய் வீடே இருண்டு போகிறது. தகரக் கூரைக்கு அடியில் படுத்தால் விடியும்போது தகரம் வியர்த்து முகத்தில் சொட்டும். அதனால் போன வருஷம் கார்த்திகையில் மச்சான் மலையிறங்கிப் போடியில் இருக்கும் மகள் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனார், மாசியில்தான் திரும்பினார். அக்காவுக்கு எஸ்டேட்டில் இன்னும் சில வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது, விட்டுவிட்டுப் போக முடியாது. "வீடு ரொம்பப் பெருசாப் போச்சுடி செல்வி" என்று ஒருநாள் போனில் சொன்னாள். அவள் வீடு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு சாய்ப்பு.

இந்த வருஷமும் ஸ்டெல்லா கூட்டிப்போக வருவதாக இருந்தது. எனக்கும் போன் செய்தாள். "சித்தி, நான் அப்பாவ அம்மாகிட்ட இருந்து பிரிக்கணும்னா நெனைக்கேன்? அந்த ரூமு கதகதன்னு இருந்தா அவரு அங்கயே இருக்கட்டும். இல்லேன்னா ஞாயித்துக்கெழம காலையில ஜீப்பு வந்துரும்" என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளை பயப்படுகிறாள்.

யோசனை என் வீட்டுக்காரருடையது. எந்தெந்த நாட்டிலோ எவரெவரோ வீடு கட்டுவதைப் போனில் பார்த்துக்கொண்டே இருப்பார். சொந்த வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்து கிடக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. குளிர்நாடுகளில் சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் ஆட்டு ரோமத்தை அடைக்கிறார்களாம். ஆடு எப்படிக் குளிரில் நிற்கிறதோ அப்படி வீடும் நிற்குமாம். நான் நம்பவில்லை. அவர் தோட்டத்து மோட்டார் ரூம் தகரத்துக்கு அடியில் ரோமத்தைக் கட்டிக் காட்டினார். சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாத அந்த ரூமுக்குள் எங்கள் நாய் போய்ப் படுத்துத் தூங்கியது. குளிரைத் தடுப்பதும் வெயிலைத் தடுப்பதும் ஒரே வேலைதான் என்றார். நாய் சாட்சி சொன்ன பிறகு நான் என்ன பேச?

ரோமத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. அறுப்பு முடிந்த வயல்களில் எருவுக்காகப் பட்டி போட்டிருந்த ஆட்டுக்காரர் பொன்னுசாமி அண்ணனிடம் கேட்டேன். "ஏனுங்க அம்மிணி, இதைக் கொண்டுட்டுப் போயி என்னுங்க பண்ணப் போறீங்க?" என்றார். அக்கா ஊட்டுக் கூரைக்கு என்றேன். "வாங்கறதுக்கு ஆளில்லாம வாய்க்கா மேட்டுல கொட்டிக் கெடக்குதுங்க. எத்தனை மூட்டை வேணுமோ எடுத்துக்கங்க" என்று சிரித்தார். தொட்டியில் ஊறப்போட்டு, கசக்காமல் அலசி, வெயிலில் காயவைத்து, பூச்சி வராமல் இருக்க வேப்பிலைத் தூளும் வசம்புப் பொடியும் கலந்து மூட்டை கட்டினோம். ஆட்டு வாசம் சுத்தமாகப் போய்விட்டது என்று எங்களுக்குத் தோன்றியது. உண்மையில் எங்கள் மூக்குக்குப் பழகிவிட்டிருந்தது.

உடுமலையில் பஸ் மாறினேன். ஓட்டலில் தக்காளிச் சாதம் கேட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். அப்போதாவது எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். சாதம் நன்றாக இருந்ததால் யோசிக்கவில்லை.

கேரள எல்லையில் சின்னாறு செக்போஸ்ட்டில் வனக்காவலர் ஒருவர் ஏறினார். மூட்டையைக் குச்சியால் குத்தினார். ஓட்டையிலிருந்து கொஞ்சம் ரோமம் எட்டிப் பார்த்தது. அவர் முகம் மாறிவிட்டது. "இது என்ன மிருகத்தோட முடி?" என்று மலையாளத்தில் கேட்டார். ஆடு என்றேன். "காட்டாடா, வீட்டாடா?" என்றார். வரையாடு மேய்கிற மலைக்கு மூட்டை மூட்டையாக முடியோடு போனால் கேட்கத்தானே செய்வார். இறங்கச் சொன்னார்கள். இன்னொருவர் வந்து முகர்ந்தார், மூன்றாமவர் வந்து முகர்ந்தார். பஸ் முழுக்க ஜன்னல் வழியாக என்னையே பார்த்தது. எதற்கு என்று அவர்களில் பெரிய அதிகாரி கேட்டார். "எங்கக்கா ஊட்டுக்கு ஸ்வெட்டர் போடறதுக்குங்க" என்றேன். மச்சான் கதையையும் சொன்னேன். அவர், "எங்க குவார்ட்டர்ஸும் தகரம்தான். பலன் உண்டா இல்லையான்னு திரும்பி வரும்போது சொல்லிட்டுப் போகணும்" என்றார். மூட்டையைத் தானே தூக்கி உள்ளே வைத்தார்.

மறையூரில் வெல்லம் போட்ட டீ குடித்தேன். அங்கே வரைக்கும் வெயில்தான். தேயிலைக் காடு தொடங்கிய இடத்தில் வானம் இருட்டியது, பஸ் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. டிரைவர் கீழே இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, பீடி பற்ற வைத்தார். டிரைவர் பீடி பற்ற வைத்தால் அந்த வண்டி இனி நகராது என்று என் சர்வீஸில் தெரியும்.

எஸ்டேட் ஜீப் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. மூட்டைகள் மேலே கேரியரில். தார்ப்பாய் போட்டிருக்கிறேன் என்றான் டிரைவர். மழை பிடித்தது. இரண்டாவது வளைவில் தார்ப்பாய் எங்களுக்கு முன்னால் பறந்து போய்த் தேயிலைச் செடியில் விழுந்தது. நனைந்த ரோமத்துக்கு ஆட்டு வாசம் முழுசாகத் திரும்பி வரும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த கொழுந்து கிள்ளும் பெண்களில் ஒருத்தி, "ஏ ஆத்தே, காலுக்கடியில ஆடு ஏதும் நிக்கா?" என்று குனிந்து பார்த்தாள். நானும் அவளோடு சேர்ந்து பார்த்தேன். வேறு என்ன செய்ய?

மூணாறில் வண்டி மாறி, பூப்பாறையில் மறுபடி மாறி, சாந்தன்பாறையில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. அக்கா குடையோடு நின்றாள். மூட்டையை அவள் பார்க்கவே இல்லை. என் கன்னத்தைத் தொட்டு, "தணுப்புல இப்படி வெறைச்சுப் போய் வந்திருக்கியே" என்றாள். எங்கள் ஊரில் அவள் குளிர் என்றுதான் சொல்லுவாள். கல்யாணமாகி வந்த பிறகு அது தணுப்பு ஆகிவிட்டது. அவள் கையும் பனிக்கட்டியாகத்தான் இருந்தது.

மச்சான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஏற்கனவே ஒல்லி, இப்போது இன்னும் பாதி ஆகியிருந்தார். "வா செல்வி. நாலு ஆட்ட உரிச்சுக் கொண்டாந்த மாதிரி வந்துருக்கியே" என்று சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. அக்கா அவிச்ச கப்பைக் கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் வைத்தாள். கப்பைக்கு மாட்டுக்கறிதான் அங்கே ஜோடி. நான் அதைச் சாப்பிட மாட்டேன் என்பதால், நான் வந்தால் மச்சானும் சாப்பிட மாட்டார். வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார். கட்டிலுக்கு அடியில் அவருடைய துணிப்பை ஏற்கனவே கட்டி வைக்கப்பட்டிருந்தது. மூவரும் அதைப் பார்த்தோம்.

மறுநாள் வெயிலே இல்லை. வாசலில் நின்றால் எதிர்வீடு தெரியவில்லை. எங்கள் ஊரில் அரைநாளில் காய்கிற சாமான் இங்கே தை மாதம் வரை காயாது. ஈர ரோமத்தைக் கூரையில் அடைத்தால் மக்கிப் போகும். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மச்சான்தான் வழி சொன்னார்.

"ஸ்டோர்ல போட்டு வாட்டிருவோம்ங்கேன். ஏலக்கா காயுறப்ப இது காயாதா?"

ஸ்டோர் வர்க்கீஸ் சேட்டனுடையது. மச்சான் அங்கேதான் வேலை பார்த்தார். சேட்டன் ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். முந்தின காய் எடுத்தாயிற்று, அடுத்த காய் சாயந்திரம்தான் வரும், அது வரை சும்மாதான் கிடக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அக்காவும் நானும் தட்டுகளில் ரோமத்தைப் பரப்பினோம். விறகு தள்ளியது அக்கா. மச்சான் எட்ட இருந்த பலாமரத்தடியில் ஸ்டூலைப் போட்டு, அங்கிருந்தே ஒரு பட்டாளத்தை நடத்துகிறவர் மாதிரி கத்தினார். "ஈஸ்வரி, ஒரு கட்டய வெளிய இழு! கதவ ஒரு சாண் தொற!" அக்கா இழுத்தாள், திறந்தாள். முப்பது வருஷம் அவர் செய்த வேலையை அவள் செய்ய அவர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மத்தியானத்துக்கு மேல் கதவைத் திறந்தால் ரோமம் பஞ்சாகப் பூத்துப் போயிருந்தது. கையை விட்டால் முழங்கை வரை சூடு. ஏலக்காய் வாசம் வேறு ஏறியிருந்தது. இனி இந்த வீட்டில் எல்லாருக்கும் பாயசக் கனவுதான் வரும் என்று அக்கா சொன்னாள். சந்தோஷத்தோடு மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்தச் சந்தோஷத்தில் செய்ய வேண்டிய ஒன்றை விட்டுவிட்டோம். வேறு எதைப் போட்டு எடுத்தாலும் ஸ்டோரைத் திறந்து போட்டு, எலுமிச்சம்புல்லால் தட்டுகளைக் கழுவி, வெறும் அடுப்பை எரித்த பிறகுதான் அடுத்த காயை ஏற்ற வேண்டும். ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே மச்சான்தான். ஆனால் புகை தின்ற அவர் மூக்குக்கு ஆடும் தெரியவில்லை, ஏலக்காயும் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேர் மூக்குக்கும் ஆடு பழகிவிட்டிருந்தது.

சனிக்கிழமை காலையிலேயே கூரை வேலை தொடங்கினோம். தகரத்துக்குக் கீழே குறுக்குச் சட்டங்களில் மூங்கில் பாயை அடிக்க வேண்டும். பாயின் மேல் பழைய சேலையை விரித்து, அதன் மேல் ரோமத்தைப் பரப்ப வேண்டும். நான் ஏணியில், அக்கா பெஞ்சில். அக்கா ரோமத்தைக் கைமுட்டியால் குத்திக் குத்தித் திணித்தாள். சாக்கில் ஏலக்காய் அமுக்கிப் பழகின கை அது. "அமுக்காதக்கா, அமுக்கினா சூடு நிக்காதுன்னு எங்கூட்டுக்காரரு தலைபாடா அடிச்சுக்கிட்டுச் சொல்லி அனுப்பியிருக்காரு. சும்மா தூவி உடு" என்றேன். "இத்தனை கொண்டு வந்திருக்க, கொஞ்சமாப் போட்டா உனக்கு மனசு கஷ்டப்படும்ல" என்றாள். மறுபடி எல்லாவற்றையும் பிரித்து உதறிப் போட்டோம்.

பாதிக் கூரை ஆகியிருந்தபோது வர்க்கீஸ் சேட்டன் வந்தார். உள்ளங்கையை நீட்டினார். ராத்திரி ஸ்டோரில் காய்ந்த காய். நல்ல பச்சை, நல்ல பருமன், அழகான ஏலக்காய். முகர்ந்து பார்த்தேன். ஊரிலிருந்து வந்து இரண்டு நாள் ஆனதில் என் மூக்கு தெளிந்திருக்க வேண்டும். பொன்னுசாமி அண்ணனின் பட்டி அப்படியே என் முகத்தில் வந்து அடித்தது.

"பால்ராஜே, இது ஏலக்காயோ, ஆட்டுப் புழுக்கையோ?" என்றார் சேட்டன். கோபத்தில் கத்தியிருந்தால் தேவலை. அவர் மெதுவாகத்தான் கேட்டார். வண்டன்மேட்டு ஏலத்தில் வியாபாரிகள் காயைக் கையில் எடுத்ததும் முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோவார்களாம். மச்சான் காயை வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சேட்டன் போன பிறகு நாங்கள் ஏணிக்குத் திரும்பினோம். கொஞ்ச நேரம் கழித்து அக்கா சுத்தியலை வைத்துவிட்டு, "இவரு எங்க?" என்றாள். கம்பளி வாசலில் கிடந்தது, ஆளைக் காணோம்.

இரண்டு பேரும் சரிவில் விழுந்தடித்து ஓடினோம். ஸ்டோர் கதவெல்லாம் திறந்து கிடந்தது. மச்சான் தட்டுகளை இறக்கிக் கழுவி, அடுப்பில் ஈர விறகைத் திணித்து எரித்துக்கொண்டிருந்தார். உள்ளே புகையில் ஆள் பாதிதான் தெரிந்தார். ஸ்டோர் வாசத்தைத் தானே எடுத்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறார். இருமல் வரும், குனிவார், மறுபடி ஒரு கட்டையைத் தள்ளுவார். தோட்டத்துப் பக்கமிருந்து வர்க்கீஸ் சேட்டனும் புகையைப் பார்த்து ஓடி வந்தார்.

அக்கா உள்ளே நுழைந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தாள். அக்கா மச்சானைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டாள்.

"பால்ராஜு, உன் பேரு கெட்டா கெட்டுப் போகட்டும்! எனக்கு உன் பேரு வேண்டாம். எனக்கு நீ வேணும். நீ செத்துப் போனா இந்த ஸ்டோரா வந்து என்கூடப் படுக்கும்?"

மச்சான் பலாமர வேரில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். வர்க்கீஸ் சேட்டன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மச்சானின் கழுத்தில் சுற்றினார். "இத்தனை காலத்துல என்னோட ஒரு காயைக்கூட நீ கெடுத்ததில்லையே. ஒரு தடவை கெடுத்ததுன்னா போகட்டும். கதவைத் திறந்து போட்டா காத்து வந்து எடுத்துட்டுப் போகும்" என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னார். கெட்டுப்போன காயை வீட்டில் டீக்கு வைத்துக்கொள்கிறேன், ஆட்டுப்பால் ஊற்றிக் குடித்துக்கொள்கிறேன் என்றார். மச்சான் சிரிக்கப் பார்த்தார், மூச்சு வரவில்லை.

நாங்கள் அவரைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது வாசலில் ஸ்டெல்லாவின் ஜீப் நின்றது. காலையில் வருவாள் என்று பார்த்தால் முந்தின நாளே வந்துவிட்டாள். அப்பாவின் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் வாசல் வரை கேட்டது. அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் சித்தி நான் பயந்தேன். அவர சூடா வச்சுக்கங்கன்னு சொன்னா, பொகைக்குள்ள தள்ளிட்டு வந்துருக்கீங்க." இழுப்புக்கான மருந்துக் குப்பியை எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்தினாள். "போடியில கட்டிலு வாங்கிப் போட்டுருக்கேன். பக்கத்து வீட்டுல எல்லாம் எங்கப்பா வாராருன்னு சொல்லி வச்சுருக்கேன். காலையில கெளம்புதோம்" என்றாள். டிரைவரை ஜங்ஷனில் அவன் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு விடிந்ததும் வரச் சொன்னாள்.

நான் கொண்டு வந்த நான்கு மூட்டையால்தான் இவ்வளவும் வந்தது. ஆனாலும் வேலையைப் பாதியில் விட எனக்கு மனசில்லை. ஏணியில் ஏறினேன். அக்கா பெஞ்சில் ஏறினாள். ஒரு மூலை மட்டும் எட்டவில்லை. அக்கா எக்கி எக்கி அடித்ததில் சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தது. ஸ்டெல்லா எழுந்து வந்து, "எறங்கும்மா" என்றாள். அவள் எங்கள் எல்லாரையும்விட உயரம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கடைசிப் பாயை அடித்தாள். ஒவ்வொரு ஆணிக்கும் எங்களைத் திட்டுகிற மாதிரி ஓர் அடி. ரோமம் மட்டும் மிச்சம் வைக்காமல் பூப்போலத் தூவினாள். அமுக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை.

இறங்கி நின்று மேலே பார்த்தாள். "ஒரு ராத்திரி இதுல படுத்துப் பாக்கேன். அப்பா நெஞ்சு சத்தம் ஒரு தடவ கேட்டாலும் காலையில கெளம்பிரணும்" என்றாள். மச்சான் தலையாட்டினார். அக்கா அவருடைய துணிப்பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள், கையோடு எடுத்துக்கொள்ள வசதியாக. அதை அவளே வைத்தது எனக்கு ரொம்ப வலித்தது.

மூன்று பேரும் அறைக்குள் படுத்தார்கள். நான் சமையல்கட்டில் படுத்தேன். அங்கே கூரைக்கு அடியில் ஒன்றும் இல்லை. இருந்த கம்பளியையெல்லாம் போர்த்தியும் பல் கிட்டியது. விடிந்தபோது தகரம் வியர்த்து என் நெற்றியில் சொட்டியது. எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துப் பால் இல்லாத கட்டன்சாயா போட்டேன். வெளியே வெள்ளையாக மூடிக் கிடந்தது.

அக்கா எழுந்து வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அக்காவுக்கு முன்னால் நான் எழுந்ததே கிடையாது. எஸ்டேட் வேலைக்காரிக்கு ஞாயிற்றுக்கிழமைகூட கோழிக்கு முன்னால் விழிப்பு வந்துவிடும். எனக்குப் பயமாகிவிட்டது. டம்ளரோடு போய் அறைக் கதவைத் தள்ளினேன்.

முகத்தில் மெல்லிய சூடு பட்டது. அடுப்புச் சூடு இல்லை, ஆட்கள் தூங்குகிற அறையின் சூடு. கூரை உலர்ந்திருந்தது. கட்டிலில் மச்சான் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்கினார். நெஞ்சு ஏறி இறங்கியது, சத்தம் இல்லை. நான் குனிந்து காதை வைத்துக் கேட்டேன், ஒன்றும் இல்லை. அவர் கையைப் பிடித்தபடி அக்கா தூங்கினாள், கம்பளியைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு. ஊரில் சித்திரையில் நாங்கள் மொட்டை மாடியில் படுத்துத் தூங்கின மாதிரி தூங்கினாள். அக்காவின் முகம் இவ்வளவு சின்னது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்டெல்லா கீழே பாயில் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. அவள் தூங்கவே இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. ஸ்வெட்டரைக் கழற்றித் தலைக்கு வைத்திருந்தாள். கண்ணோரம் வழிந்து காதுப் பக்கம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவள் பாதி எழுந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஹாரன் அடிச்சிரப் போறான் சித்தி. போகச் சொல்லுங்க" என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். டிரைவர் ஹாரனில் கை வைக்கப் போனான், எட்டிப் பிடித்துக்கொண்டேன். "ஆளு எங்க, அக்கா? பையி எங்க?" என்று கேட்டான். "யாரும் வரலைங்க. எல்லாரும் தூங்கறாங்க" என்றேன். அவன் என்னையும் சாத்திய கதவையும் பார்த்தான். சாவியைத் திருப்பவில்லை. ஹேண்ட் பிரேக்கை மட்டும் எடுத்துவிட்டான். ஜீப் சரிவில் சத்தமில்லாமல் உருண்டு போய், கீழ் வளைவைத் தாண்டிய பிறகுதான் என்ஜின் பிடிக்கிற சத்தம் கேட்டது.